திரும்பக் கேட்பது

விடியற்காலையில் திருத்தணியில் இறங்குகிறவன் முதலில் கேட்பது இரண்டு பெண்குரல்களை. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் பூக்கடை, காபிக்கடை, மொட்டையடிக்கும் இடம் எங்கும் அதே இரண்டு குரல்கள்தான். சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் 1970 வாக்கில் இசைத்தட்டுக்குப் பாடிய கந்தர் சஷ்டி கவசம். ஒரு கடையின் ஒலி தேய்கிற இடத்தில் அடுத்த கடையின் ஒலி வந்து சேர்கிறது. அது இரண்டு வரி பின்தங்கியிருக்கும். ஆகவே நடந்து போகிறவன் கேட்ட வரியையே மறுபடி கேட்டுக்கொண்டு போகிறான். யாரும் நின்று கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் மனப்பாடம்.

இதில் ஒரு சின்ன வரலாற்று வேடிக்கை இருக்கிறது. தேவராய சுவாமிகள் பெயரில் ஆறு படைவீடுகளுக்கு ஆறு கவசங்கள் உண்டு. திருத்தணிக்கென்றே ஒன்று இருக்கிறது. ஆனால் திருத்தணித் தெருவில் ஒலிப்பது திருச்செந்தூருக்கான கவசம். இசைத்தட்டில் ஏறியது அது. ஏறாத ஐந்தும் புஸ்தகத்தில் தங்கிவிட்டன. ஒரு சாதனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓயாமல் திருப்பிச் சொல்லும்போது மற்றவை மௌனமாகிவிடுகின்றன. இசைத்தட்டு நமக்குச் செய்த உபகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரில் தங்கியிருந்த சில நாட்களில் நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு இரண்டு சகோதரிகளை. பிருந்தா, முக்தா. அவர்களுடைய பழைய வானொலிப் பதிவுகளையும், சபாக்களிலும் வீடுகளிலும் யார் யாரோ டேப்பில் பிடித்தவற்றையும் நண்பர் ஒருவர் தொகுத்துத் தந்திருந்தார். தரும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்: "ஒரு தடவை கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்லாதீர்கள். பத்துத் தடவை கேட்க முடிகிறதா பாருங்கள்." ஒரு தொகுப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இதுதான் என்று எனக்கும் தோன்றியது. முதல் தடவை கேட்பதில் நம் ஆர்வம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பத்தாவது தடவை நம் ஆர்வம் ஓய்ந்துபோயிருக்கும். அப்போது எஞ்சுவது பாட்டுடையது.

பிருந்தா 1912-இல் பிறந்தவர், முக்தா 1914-இல். வீணை தனம்மாளின் மகள் காமாட்சியம்மாளின் பெண்கள். நடனமேதை பாலசரஸ்வதி இவர்களுக்குப் பெரியம்மா மகள். ஒரே பாட்டியின் சங்கீதம் ஒரு கிளையில் ஆட்டமாகவும் ஒரு கிளையில் பாட்டாகவும் போயிற்று. இவர்களுடைய கச்சேரியில் என்ன இருக்கும் என்பதைவிட என்ன இருக்காது என்பதைச் சொல்வது எளிது. நீண்ட ஆலாபனைகள் இல்லை. ஸ்வரப் பிரஸ்தாரத்தில் மிருதங்கத்தோடு மல்லுக்கு நிற்பது இல்லை. கைத்தட்டலை வாங்கி முடிக்கிற முத்தாய்ப்புகள் இல்லை. இரண்டு குரல், தம்புரா, ஒரு பிடில், ஒரு மிருதங்கம். பிடிலில் பல காலம் தங்கை அபிராமசுந்தரியே உட்கார்ந்தார்.

இந்தச் சிக்கனம் வேறு வழி தெரியாததால் வந்ததல்ல. சகோதரிகள் இளமையில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்றவர்கள். நாயனாப் பிள்ளை லயத்தில் சிம்மம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்துக்கொண்டு, அத்தனைக்கும் நடுவில் பல்லவி பாடியவர். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்ற பேச்சு அவரோடு சேர்ந்தே வழங்குகிறது. அந்த ஆரவாரத்தின் உள்ளே இருந்து கற்றவர்கள்தான் மேடைக்கு வரும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். கணக்கு தெரிந்தவர் கணக்குக் காட்டாமல் இருப்பதற்கும், தெரியாதவர் காட்டாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது நான்காவது தடவை கேட்கும்போது பிடிபடுகிறது. சவுக்க காலத்தில் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு போய், தாளத்தின் அட்சரம் விழுந்த பிறகு ஒரு மயிரிழை தள்ளி அடுத்த சொல்லை எடுக்கிறார்கள். இருவரும் சேர்ந்து எடுக்கிறார்கள். ஒருவர் அப்படித் தள்ளி எடுப்பது சுதந்திரம். இருவர் ஒரே மயிரிழைக்குத் தள்ளி எடுப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கீதத்தை மூன்று நிமிஷமாக்கியது இசைத்தட்டு. இந்தியாவில் 1902-இலிருந்து ஒலிப்பதிவு நடக்கிறது. அரை நூற்றாண்டுக் காலம் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இடமில்லை. பாடகர்கள் காலப்பிரமாணத்தை விரட்டினார்கள், சரணத்தை விட்டார்கள், ஒரு மின்னலடிக்கிற பிருகாவை முன்னாலேயே போட்டார்கள். வாங்குகிறவன் கடையில் நின்று கேட்கும் முதல் நிமிஷத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது ஒரு கலைச் சட்டமாகிவிட்டது. 1930களில் தனம்மாளின் வீணையும் தட்டில் பதிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில், மூச்சு விடுவதற்கும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த சிலருக்காக வாசித்த வீணை. தட்டில் அது நமக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். ஆனாலும் அந்த மூன்று நிமிஷம் ஒரு வாசல் மாதிரி; உள்ளே வீடு இருப்பது தெரிகிறது, நுழைவதற்குள் கதவு சாத்தப்படுகிறது.

பேத்திகளின் சங்கீதம் இந்த வாசலிலும் நுழைகிற ஜாதியில்லை. ஒரு பதம் பத்து நிமிஷத்துக்குக் குறைந்து நகர்வதில்லை. வணிக இசைத்தட்டு உலகில் அவர்கள் பங்கு சொற்பம். அவர்கள் நிலைத்தது வானொலியிலும், பிறகு டேப் ரிகார்டர் வந்தபோது ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட பதிவுகளிலும்தான். நகலுக்கு நகல் எடுத்து இரைச்சல் ஏறிய டேப்புகள். சிறுபத்திரிகை மாதிரியே இதற்கும் ஒரு முந்நூறு பேர் சந்தாதாரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று அவை கம்ப்யூட்டர் கோப்புகளாக யாருக்கும் கிடைக்கிற நிலையில் இருக்கின்றன. கிடைப்பதும் கேட்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் திருத்தணித் தெரு எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் பாடிய பதங்களுக்கும் இந்த எல்லைப் பிரதேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. திருத்தணி பழைய கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. அந்த ஜமீனின் தலைநகரில், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் முற்பாதியிலுமாக வாழ்ந்தவர் சாரங்கபாணி. அவ்வூர் வேணுகோபாலனை முத்திரையாக வைத்துத் தெலுங்கில் பதங்கள் செய்தவர். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முந்திய க்ஷேத்ரய்யா மூவ்வகோபாலனை நாயகனாக்கிப் பாடிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர். மதுரை நாயக்கர் சபை, தஞ்சையில் விஜயராகவ நாயக்கர் சபை, கோல்கொண்டா என்று சுற்றியவர். இந்தப் பதங்களில் பேசுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். கோபிக்கிறாள், ஏளனம் செய்கிறாள், வந்தவனை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள், தோழியிடம் தூது சொல்கிறாள். பாஷை தெலுங்கு. ஆனால் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டையில் வைத்துக் காப்பாற்றியவர்கள் தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருந்த தாசி குலத்துப் பெண்களும் நட்டுவனார்களும். ஆந்திரத்தில் பிறந்த ஒன்று தமிழ்நாட்டில் உயிர் பிழைத்தது.

எல்லைப் போராட்டம் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. வட ஆற்காட்டிலிருந்த இந்தப் பகுதி 1911-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் அவர் தோழர்களும் போராடினார்கள். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-இல் சட்டம் வந்து 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. கோடு நியாயமாகவே போடப்பட்டிருக்கலாம். நிர்வாகத்துக்குக் கோடு வேண்டும். ஆனால் கோடு போட்ட கையோடு, இந்தப் பக்கத்துக்காரன் அது தெலுங்குப் பாட்டு, நம்முடையதல்ல என்றான். அந்தப் பக்கத்துக்காரன் அது தமிழ்நாட்டு தாசிகள் பாடியது என்றான். தமிழிசை இயக்கத்தின் நியாயங்களை நான் மறுக்கவில்லை. தமிழில் பாட்டே இல்லாத மாதிரி நடந்துகொண்ட சபாக்களுக்கு அந்த அடி தேவைதான். இருந்தாலும் முந்நூறு வருஷம் ஒரு சங்கீதத்தைச் சுமந்த தமிழ்த் தொண்டைக்கு இதில் ஒரு உரிமையும் இல்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மொழியை விடவும் பெரிய தடை ஒழுக்கம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சென்னைச் சட்டம் 1947-இல் வந்தது. அது வர வேண்டிய சட்டம். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வழக்கத்தை ஒழித்தவர்கள் அந்தப் பெண்களின் கலையிலிருந்து தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, சிருங்காரத்தை அசிங்கம் என்று ஒதுக்கினார்கள். கச்சேரியில் பதம் என்பது முக்கியமான உருப்படிகள் முடிந்து, பஸ் பிடிக்கிறவர்கள் எழுந்து போகிற நேரத்தில் பாடப்படுகிற துக்கடாவாயிற்று. பாலசரஸ்வதி இதற்கு வாயாலும் ஆட்டத்தாலும் பதில் சொன்னார். 1973-இல் அவருக்கு சங்கீத கலாநிதி கிடைத்தது. 1976-இல் பிருந்தாவுக்குக் கிடைத்தது. பிருந்தாவுக்கு மட்டும். அத்தனை வருஷம் ஒரே மூச்சில் பாடிய இருவரில் ஒருவருக்குப் பட்டம். முக்தா 2007 வரை இருந்தார். பிருந்தா 1996-இல் மறைந்த பிறகும் பதினோரு வருஷம். அந்தப் பட்டம் அவருக்குத் தரப்படவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைச் செய்வதைப் புரிந்துகொள்ள நம் ஸ்தாபனங்களிடம் ஒரு நாற்காலிக்கு மேல் இல்லை.

மேற்கிலும் இப்படி இரண்டே பேராக நின்று பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 1997-இல் தொடங்கிய ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற ராக் ஜோடி. ஆண் கிதார் வாசித்துப் பாடுவார், பெண் டிரம் அடிப்பார். ராக் சங்கீதத்துக்கு அடித்தளம் என்று கருதப்படும் பாஸ் கிதார் இல்லை. 2003-இல் வந்த அவர்களுடைய 'எலிஃபண்ட்' என்ற ஆல்பம் லண்டனில் ஒரு சிறிய ஸ்டுடியோவில், பழைய கருவிகளைக் கொண்டு பதிவானது. கம்ப்யூட்டரைத் தொடவில்லை என்று தட்டின் உறையிலேயே பிரகடனம். முன்பு கணவன் மனைவியாக இருந்து விவாகரத்து ஆனவர்கள் அக்காள் தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள். 2011-இல் கலைந்துவிட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை நன்றாகவே தாக்குகிறது. ஐந்தாவது தடவையும் தாக்குகிறது, அதே இடத்தில். குறைத்துக்கொள்வது என்பது அங்கே ஒரு தீர்மானம், ஒரு நிலைப்பாடு. எதைத் துறந்தோம் என்பதைக் கேட்கிறவன் ஒவ்வொரு நொடியும் உணர வேண்டும். பிருந்தா–முக்தாவிடம் துறவு பற்றிய அறிவிப்பு இல்லை. இல்லாதவற்றை நாம் கவனிப்பதே வெகு நேரம் கழித்துத்தான். நான் இதைச் சொல்வது ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவதற்காக அல்ல. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நின்று கேட்பதற்கான சங்கீதத்தின் தேவை வேறு. ஆனால் எளிமை என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு காரியங்களைக் குறிக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஒன்று, பொருட்களைக் குறைப்பது. மற்றது, இருக்கிற ஒரு பொருளுக்குள்ளே இறங்கிக்கொண்டே போவது.

பத்துத் தடவை கேட்ட கதைக்கு வருகிறேன். முதல் தடவை அலுப்பாக இருந்தது. ஒளிப்பதில் பிரயோஜனமில்லை. நகரவே மாட்டேன் என்கிறதே என்று தோன்றிற்று. க்ஷேத்ரய்யா பதங்கள் பலவற்றை அனுபல்லவியில் தொடங்கிப் பிறகு பல்லவிக்கு வருவது மரபு. ஆகவே முதல் தடவை கேட்பவன் பேச்சின் நடுவில் நுழைந்துவிட்டவன் மாதிரி விழிக்கிறான். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, அந்தப் பெண்ணின் பேச்சே அப்படித்தான், முன்பே தொடங்கிவிட்ட ஒரு சண்டை என்று புரிகிறது. நாலாவது தடவையில் இரண்டு குரல்கள் தனித்தனியே கேட்கத் தொடங்கின. சங்கதியின் முடிவில் ஒரு குரல் மெலிந்து ஒதுங்குகிறது, மற்றது அதைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது அடுத்த வரியில் மாறிவிடுகிறது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒரு முகாரி, வரிக்கு வரி துக்கம் என்று நான் பழக்கத்தால் நினைத்துக்கொண்டிருந்த முகாரி, நடுவில் ஒரு இடத்தில் ஏளனமாகச் சிரித்தது. ராகத்துக்கு ரஸத்தை ஒட்டி வைக்கிற பாடப்புஸ்தக அறிவு அந்த இடத்தில் எனக்குக் கழன்று விழுந்தது. பத்தாவது தடவை கேட்டபோது அதே இடத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருந்ததாலேயே அது வரவில்லை. வேறொன்று வந்தது.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, பலமான ஆட்சேபம். பதிவு செய்த பாட்டு மாறாது. அதையே திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு நாள் மாலையில் தற்செயலாக அமைந்ததைச் சாசனமாக்குவது. வாய்வழியாக வந்த ஒன்றைப் பெட்டிக்குள் பூட்டி, பூட்டை வணங்குவது. இது உண்மைதான். ஆனால் இந்தச் சகோதரிகளின் பாடாந்தரம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பதம் அவர்களுக்கு மனோதர்மத்தைக் காட்டும் களமாக இருக்கவில்லை. ஒவ்வொரு கமகமும் பாட்டியிடமிருந்தும் தாயிடமிருந்தும் கேட்டு வாங்கியது. சிஷ்யருக்குச் சொல்லித்தரும்போதும் வழி அதுவே. குரு ஒரு வரியைப் பாடுவார், சிஷ்யை திருப்பிப் பாடுவார், சரியாக விழும்வரை அந்த ஒரு வரிதான். அருணா சாய்ராம் போன்ற பின்வந்த பாடகிகள் பிருந்தாவிடம் கற்றது இந்த வழியில்தான். ஆக, திரும்பக் கேட்பது டேப் ரிகார்டர் கண்டுபிடித்த பழக்கமல்ல. அந்தச் சங்கீதம் உண்டானதே திரும்பக் கேட்டதால். வித்தியாசம் ஒன்றுதான்: சிஷ்யை கேட்டால் தானும் பாட வேண்டும். நாம் கேட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடலாம். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சௌகரியத்தைக் குறை சொல்ல வேண்டும்.

திருத்தணியே இதற்கு ஒரு பழைய சாட்சி. முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் முதல் கிருதியைப் பாடியது இந்த மலையில் என்பது சம்பிரதாயம். கிழவர் வடிவில் முருகன் வந்து வாயில் கற்கண்டு போட்டான் என்பது கதை. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் இஷ்டம். என் கவனத்தைப் பிடிப்பது அந்தக் கிருதியின் ராகம். மாயாமாளவகௌளை. சங்கீதம் கற்கும் குழந்தை முதல் நாள் சரளி வரிசையை எந்த ராகத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறதோ அதே ராகம். ஆயிரம் தடவை உருப்போட்டுத் தேய்ந்த ஸ்வரங்களிலிருந்துதான் அவர் தொடங்கினார். பிறகு எட்டு வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாக கிருதிகள். இலக்கணப் புஸ்தகத்தின் உருப்போடும் பாடமும் சங்கீதத்தின் உருப்போடும் பாடமும் ஒரே இடத்தில் கலையாயின. தீக்ஷிதரின் சிஷ்ய பரம்பரையில் வந்த சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் தனம்மாள் கற்றார். தனம்மாளிடமிருந்து பேத்திகளுக்கு வந்தது. மலையில் தொடங்கிய ஒன்று ஜார்ஜ் டவுன் வழியாக என் காதுக்கு, மலையடிவாரத்து விடுதி அறைக்குத் திரும்பியிருந்தது.

1917-இல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இங்கே படித்திருவிழாவைத் தொடங்கினார். ஆங்கில வருஷப் பிறப்புக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க மாலையும் பழமுமாகப் போகிறவர்களைத் திருப்பி, டிசம்பர் 31 அன்று மலைக்கு அழைத்தார். வருஷத்தின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்பது கணக்கு. படிக்கு ஒரு திருப்புகழ். ஏறுகிறவன் ஒவ்வொரு படியிலும் நிற்கிறான், பாடுகிறான், அடுத்த படிக்குப் போகிறான். படி ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஏறியவனுக்கு மட்டும் இடம் மாறியிருக்கிறது. பாராயணம் என்பதை நான் இத்தனை நாள் இயந்திரத்தனம் என்று எளிதாக ஒதுக்கிவிட்டிருந்தேன். கடைத்தெருக் கவசத்தைப் பற்றியும் அதே இளப்பம் எனக்கு இருந்தது. சூலமங்கலம் சகோதரிகள் அந்தப் பாட்டில் தங்கள் வித்தையைக் காட்டவில்லை. உச்சி முதல் பாதம் வரை உறுப்பு உறுப்பாகக் காப்புக் கேட்கிற ஒருவனுக்கு வேகத்தையும் சுருதியையும் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பின்னால் நின்றுகொண்டார்கள். அதைக் கேட்கச் செய்யவில்லை, கூடச் சொல்லச் செய்தார்கள். அந்த வகையில் அது தன் வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. கேட்காதவன் நான்தான்.

ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று அதிகாலை, அறையில் பதம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கவசம் தொடங்கிற்று. நாலு குரல்களும் ஒன்றோடொன்று மோதின. வேறொரு நாளாக இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன். அன்று பெட்டியை நிறுத்திவிட்டு வெளியே இருந்ததைக் கடைசி வரை கேட்டேன், ஏறக்குறைய இருபது நிமிஷம். நாற்பது வருஷமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் பக்கத்துக் கடையில் அது மறுபடி ஆரம்பித்தது.